கேளுங்க டீச்சர்: கிளாஸ்ல கை ஓங்குற நேரத்துல என்ன செய்யணும்?

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். பள்ளிக்கூடத்துல நடக்குற அடிதடி, அதைத் தடுக்க ஆசிரியருக்கு என்ன பயிற்சி கொடுக்குறாங்க, அது போதுமா. அதனால பாடம், தேர்வு பத்தின கேள்வியை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்தப் பக்கம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். எழுதினவங்க பேரு, ஊரு எதுவும் போடல. நிறைய பேர் போட வேணாம்னு கேட்டிருந்தாங்க, கேக்காதவங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

கேள்வி: வணக்கம் டீச்சர். கவர்மெண்ட் ஹையர் செகண்டரி ஸ்கூல்ல கணக்கு எடுக்குறேன், வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகுது. போன மாசம் பத்தாவது பி செக்‌ஷன்ல போர்டுல எழுதிட்டு இருக்கும்போது பின்னாடி சத்தம் கேட்டு திரும்பிப் பார்த்தா ரெண்டு பசங்க சட்டையைப் புடிச்சு உருளுறாங்க, ஒருத்தன் கையில ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ். எனக்கு கையும் ஓடல காலும் ஓடல, ஓடிப்போய் நடுவுல நின்னேன், கையில கீறிடுச்சு, கடவுள் புண்ணியத்துல அதோட போச்சு. அப்புறம் எச்.எம். கூப்பிட்டு ஏன் கிளாஸ் கண்ட்ரோல் இல்லைன்னு கேக்குறாங்க. நான் ரெண்டு நாள் டிரெய்னிங் போனவதான், வளரிளம் பருவம் பத்தி ஸ்லைடு போட்டாங்க, ஆனா அந்த ஒரு நிமிஷத்துல என்ன பண்ணணும்னு யாரும் சொல்லல. நீங்களாவது சொல்லுங்க.

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன்மா, அந்தச் சண்டை உங்களுக்குக் கண்ட்ரோல் இல்லாததால வரல. பத்தாவது பசங்க சண்டை பெரும்பாலும் காலையில பஸ்லயோ முந்தின நாள் கிரவுண்ட்லயோ ராத்திரி இன்ஸ்டாகிராம்லயோ ஆரம்பிச்சிருக்கும், வெடிக்குற இடம் மட்டும் உங்க பீரியடா அமைஞ்சுடும். உங்க எச்.எம். அன்னிக்குக் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி கையில காயம் எப்படி இருக்குங்கிறதுதான். காம்பஸ் முனை கீறினா அன்னிக்கே ஆஸ்பத்திரி போய் டி.டி. ஊசி போட்டுக்கணும், இனிமே யாருக்கு நடந்தாலும் மறந்துடாதீங்க.

இனிமே நடுவுல போய் நிக்காதீங்க. 2025 ஏப்ரல்ல பாளையங்கோட்டையில ஒரு தனியார் பள்ளியில எட்டாவது படிக்குற பையன் ஸ்கூல் பேக்ல அரிவாள் கொண்டு வந்து கூடப் படிக்குறவனை வெட்டினான், பென்சில் தகராறுல ஆரம்பிச்ச பகைன்னு செய்தியில வந்துச்சு, தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்துச்சு. அந்த ஆசிரியையோட தைரியத்துக்கு முன்னாடி நான் தலை வணங்குறேன். ஆனா தைரியத்தை மட்டும் கையில கொடுத்து ஒரு ஆசிரியரை கிளாசுக்குள்ள அனுப்புறது நியாயமே இல்ல, என்ன செய்யணும்னு பழக்கி அனுப்பணும்.

அந்த ஒரு நிமிஷம் எப்படின்னா, இருக்குற இடத்துல இருந்தே ரெண்டு பேர் பேரையும் சொல்லி சத்தமா கூப்பிடணும். "டேய் நிறுத்துங்கடா"ன்னு பொதுவா கத்தினா அந்த வேகத்துல யார் காதுலயும் ஏறாது, பேரு ஏறும். பேருக்கு அப்புறம் ஒரே ஒரு வேலை, "கையை எடு", "பின்னாடி வா", அவ்வளவுதான், அறிவுரை ஒரு வார்த்தை கூட வேணாம். அதே மூச்சுல முன் பெஞ்சுல இருக்குற ஒரு பிள்ளையை பக்கத்து கிளாஸ் ஆசிரியர்கிட்டயும் இன்னொரு பிள்ளையை பி.டி. சார்கிட்டயும் ஓட விடுங்க, இவங்க ரெண்டு பேரும் யாருன்னு வருஷ ஆரம்பத்துலயே முடிவு பண்ணி அவங்ககிட்ட சொல்லியும் வெச்சிருக்கணும். அடுத்து மத்த பிள்ளைங்களை வரிசை வரிசையா வராண்டாவுக்கு அனுப்பிடுங்க. பாக்குறதுக்கு ஆள் இருக்குற வரைக்கும் ரெண்டு பேராலயும் பின்வாங்க முடியாது, மானப் பிரச்சனை ஆயிடும். ஆள் கலைஞ்சதும் சண்டையில பாதி வேகம் தானா எறங்கிடும், வீடியோ எடுக்குறவனும் வெளிய போயிடுவான். ரெண்டு பேர்ல ஒருத்தன் கண்டிப்பா வெளிய வர ஒரு சாக்கு தேடிட்டு இருப்பான், முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும், அவனை முதல்ல கூப்பிடுங்க. கையில கூரா ஏதாவது இருந்தா புடுங்கப் போகாதீங்க, உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு பெஞ்சோ டேபிளோ இருக்கணும், கதவுப் பக்கம் வழியை மறிக்காம நில்லுங்க, "கீழ வெச்சுட்டு நீ வெளிய போ"ன்னு குரலைத் தாழ்த்தி சொல்லிட்டே இருங்க.

பிரிச்ச பிறகு நடக்குற தப்புதான் எனக்கு ரொம்ப வருத்தம். எல்லா ஸ்கூல்லயும் அந்த ரெண்டு பேரையும் எச்.எம். ரூம் வாசல்ல பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு "ஏன்டா அடிச்ச"ன்னு கேக்குறாங்க, வந்து போறவங்க எல்லாம் தலையில தட்டிட்டுப் போறாங்க. உடம்புல ஏறின படபடப்பு எறங்கவே அரை மணி நேரம் ஆகும், அதுக்கு முன்னாடி கேக்குற எந்தக் கேள்விக்கும் உருப்படியா பதில் வராது. ஆளுக்கு ஒரு ரூம், கூட ஒரு பெரியவங்க, குடிக்க தண்ணி, காயம் இருக்கான்னு பாக்குறது, முதல்ல இதெல்லாம் ஆகட்டும். அப்புறம் "என்ன நடந்துச்சு"ன்னு கேளுங்க, அவன் சொல்றதை அவன் வார்த்தையிலயே எழுதுங்க. கிளாஸ் முன்னாடி கை குலுக்க வெச்சு சமாதானம் பண்ணாதீங்க, அந்த சமாதானம் நாலு மணி பெல் அடிக்குற வரைக்கும்தான் தாங்கும். அந்த நாலு மணிதான் ஆபத்தான நேரம், யார் எந்த பஸ், யார் எந்த வழி, ஒருத்தன் போய் எவ்வளவு நேரம் கழிச்சு அடுத்தவனை விடணும்னு முடிவு பண்ணாம பெல் அடிக்க விடக் கூடாது. ரெண்டு வீட்டுப் பெற்றோரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லவும் கூடாது, கூட வர சித்தப்பா மாமா எல்லாம் கேட்டுலயே மோதிக்குவாங்க.

அன்னிக்கே ஒரு பக்கம் எழுதி வெச்சுடுங்க. எத்தனை மணி, எந்த இடம், நீங்க கண்ணால பார்த்தது, நீங்க செஞ்சது, யாருக்குத் தகவல் சொன்னீங்க. "ரவுடி", "எப்பவும் இப்படித்தான்" மாதிரி வார்த்தை அதுல வரக் கூடாது. நாளைக்கு யார் கேள்வி கேட்டாலும் அந்த ஒரு பக்கம்தான் உங்களுக்குத் துணை.

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். நான் ஒரு உயர்நிலைப் பள்ளி தலைமை ஆசிரியர், ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம். உண்மையைச் சொல்லணும்னா கம்பை எங்க கையில இருந்து புடுங்கின நாள்ல இருந்துதான் பசங்க கெட்டாங்க. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, டி.சி. கொடுக்கக் கூடாது, அப்ப நாங்க என்னதான் பண்றது? வன்முறையைத் தடுக்கப் பயிற்சின்னு சொல்றாங்க, முதல்ல எங்களுக்கு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்க.

பதில்: சார், உங்க ஆதங்கத்தை நான் தப்பா எடுத்துக்கல. ஒரு வகுப்புல அறுபது பிள்ளைங்க, எமிஸ்னு பள்ளிக் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல தினம் விவரம் ஏத்துற வேலை, அதுக்கு நடுவுல ஒருத்தன் மேல கவனம் வைக்க உங்களுக்கு நேரமே மிஞ்சறது இல்லைங்கிறது உண்மை. ஆனா கம்பு விஷயத்துல நான் உங்க பக்கம் நிக்க முடியாது.

சட்டம் நேத்து வந்தது இல்ல. 2003-லயே தமிழ்நாடு கல்வி விதிகள்ல 51-வது விதியைத் திருத்தி பள்ளியில அடிக்குறதை நிறுத்தச் சொல்லியாச்சு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு உடம்பை வருத்துறதையும் மனசை நோகடிக்குறதையும் சேர்த்தே தடுக்குது. எட்டாவது முடிக்குற வரைக்கும் பிள்ளையை வெளியேத்தக் கூடாதுன்னு 16-வது பிரிவு சொல்லுது. 2015 சிறார் நீதிச் சட்டம் 75-வது பிரிவுல, பொறுப்புல இருக்குறவங்க பிள்ளையைக் கொடுமைப்படுத்தினா மூணு வருஷம் வரைக்கும் சிறை. 2024-ல சென்னை உயர் நீதிமன்றம் பள்ளிகள்ல அடிக்குறதை ஒழிக்குறதுக்கான வழிகாட்டு நெறியை நடைமுறைப்படுத்துங்கன்னு திரும்பவும் உத்தரவு போட்டுச்சு. இருபது வருஷம் கழிச்சும் கோர்ட்டு திரும்பச் சொல்ல வேண்டியிருக்குன்னா, கம்பு நிஜமா இன்னும் நம்ம கையை விட்டுப் போகலைன்னுதானே அர்த்தம்?

கெட்டுப் போனதுக்குக் காரணம் கம்பு போனதுன்னு நீங்க சொல்றீங்க, எனக்குத் தோணுறது வேற. கம்பை எடுக்கச் சொன்னவங்க அதுக்குப் பதிலா கையில எதையும் கொடுக்கல. அடிக்காதேன்னு சுற்றறிக்கை வந்துச்சு, அடிக்காம எப்படி ஒரு வகுப்பை நடத்துறதுன்னு செஞ்சு காட்ட யாரும் வரல. அந்தக் குறையைத்தான் நீங்க கேட்டு வாங்கணும்.

செஞ்சு காட்டின இடம் இருக்கு. உகாண்டாவுல லுவேரோ மாவட்டத்துல 42 ஆரம்பப் பள்ளியை எடுத்து, பாதிப் பள்ளியில குட் ஸ்கூல் டூல்கிட்னு ஒரு திட்டத்தை ஒன்றரை வருஷம் நடத்தினாங்க. வகுப்பு விதியைப் பிள்ளைங்களை வெச்சே எழுதுறது, தப்பு செஞ்சா என்ன பரிகாரம்னு முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியுற மாதிரி வைக்குறது, எந்த ஆசிரியர் எதுக்குக் கோபப்படுறாங்கன்னு ஆசிரியர்களே உக்காந்து பேசுறது, பெற்றோரையும் உள்ள கூட்டிட்டு வர்றது, இதெல்லாம்தான் வேலை. 2015-ல முடிவு வந்துச்சு. திட்டம் நடக்காத பள்ளியில போன ஒரு வாரத்துல ஆசிரியர்கிட்ட அடி வாங்கினேன்னு சொன்ன பிள்ளைங்க கிட்டத்தட்ட 49 சதவீதம், நடந்த பள்ளியில 31. அதுவே இன்னும் அதிகம்தான், ஆனா நம்மள விட வசதி குறைஞ்ச பள்ளிக்கூடங்கள்ல ஒன்றரை வருஷத்துல அவ்வளவு இறங்கியிருக்கு.

உங்க பள்ளியில நாளைக்கே ஆரம்பிக்கணும்னா ஒண்ணு பண்ணுங்க சார். தப்புக்குத் தண்டனை ஆசிரியருக்கு ஆசிரியர் மாறக் கூடாது. ஒருத்தர் முட்டி போட வைக்குறாரு, ஒருத்தர் சிரிச்சுட்டு விடுறாரு, ஒருத்தர் அப்பாவைக் கூட்டிட்டு வாங்குறாரு, பசங்களுக்கு எதுக்கு என்ன நடக்கும்னே தெரியாது. எல்லா ஆசிரியரும் உக்காந்து, எதுக்கு என்ன செய்யுறதுன்னு ஒரே பேச்சா முடிவு பண்ணுங்க. உடைச்சதைச் சரி பண்றது, கெடுத்த வேலையைத் திரும்பச் செய்யுறது, அஞ்சு நாள் மதிய இடைவேளையில ஒரு ஆசிரியரோட உக்காந்து பேசுறது, இந்த மாதிரி. ஸ்டாஃப் மீட்டிங்ல கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. நீங்க கேக்குற அதிகாரம் அங்க இருந்துதான் வரும்.

கேள்வி: தென் மாவட்டத்துல ஒரு பள்ளியில தமிழாசிரியரா இருக்கேன் டீச்சர். பசங்க கையில சாதிக் கயிறு. கழட்டுன்னா சாமி கயிறுங்குறான். ஸ்டாஃப் ரூம்லயே ரெண்டு பக்கமா உக்காந்திருக்கோம், நான் யார்கிட்ட போய் பேசுறது? ஒரு பையன் ரெண்டு வாரமா மதிய சாப்பாட்டு நேரத்துல லைப்ரரியிலயே உக்காந்திருக்கான், கேட்டா ஒண்ணும் இல்லைங்குறான்.

பதில்: கயிறை அப்புறம் பார்ப்போம் தம்பி, அந்த லைப்ரரிப் பையன்கிட்ட முதல்ல போங்க.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில என்ன நடந்துச்சுன்னு நாம எல்லாரும் படிச்சோம். கூடப் படிச்ச பசங்களோட சாதிக் கொடுமை தாங்க முடியாம ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்கு வராம இருந்தான், பள்ளியில விசாரிச்சப்போ விஷயத்தைச் சொன்னான், 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி வீடு புகுந்து அவனை அரிவாளால வெட்டினாங்க, தடுக்க வந்த தங்கச்சியையும் விடல. அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில இருந்து எழுந்து வந்து 2024 பிளஸ் டூவுல 469 மார்க் எடுத்தான், நினைச்சாலே நெஞ்சு நிறையுது. ஆனா ஒரு ஆசிரியர் இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. ஒரு பிள்ளை வாயைத் திறந்து சொன்ன அந்த நாள்தான் அதுக்கு அதிக ஆபத்து. சொன்னவன் யாருன்னு எதிர்ப் பக்கம் தெரிஞ்சுடும், அன்னிக்கு ராத்திரி அந்தப் பிள்ளையோட யாரும் இருக்க மாட்டாங்க.

அதனால வரிசை முக்கியம். பையனைத் தனியா, அவனைக் கூப்பிட்டது மத்தவங்களுக்குத் தெரியாத மாதிரி, நோட்டு அடுக்குற சாக்குல கூப்பிடுங்க. "யாருடா அடிச்சது"ன்னு ஆரம்பிக்காதீங்க, "சாப்பாட்டை எங்க சாப்பிடுற, பஸ்ல எங்க நிக்குற, பாத்ரூம் எப்ப போற"ன்னு கேளுங்க, பயத்துல இருக்குற பிள்ளைங்க இந்த மூணு இடத்தையும் மாத்தியிருப்பாங்க. அவன் சொல்லிட்டான்னா, எதிராளியைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி அவன் இன்னிக்கு வீட்டுக்கு எப்படிப் போறான், வீட்டுல யார் இருக்காங்க, அவங்களுக்கு விஷயம் தெரியுமா, இதை முடிச்சுடுங்க. மிரட்டல், ஆயுதம்னு ஒரு வார்த்தை வந்தாலும் எச்.எம். வழியா அன்னிக்கே போலீசுக்குச் சொல்லியாகணும், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள்ள வர விஷயமாவும் இருக்கலாம், ஸ்கூலுக்குள்ள பேசித் தீர்க்க நமக்கு உரிமை கிடையாது. ரெண்டு பேரையும் நேருக்கு நேர் நிக்க வெச்சு விசாரிக்குறதை அடியோட விடுங்க.

அதுக்கப்புறம் கயிறு. 2019-ல கலர் கயிறைத் தடுக்கச் சொல்லி பள்ளிக் கல்வித் துறையில இருந்து சுற்றறிக்கை வந்துச்சு, அரசியல் எதிர்ப்பு கிளம்பினதும் அமுங்கிப் போச்சு. நாங்குநேரிக்கு அப்புறம் அரசு போட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்துச்சு, அதுல கயிறு, மோதிரம், நெத்திப் பொட்டு எல்லாத்தையும் தடுக்கச் சொல்லியிருக்கு. பசங்களுக்குச் சொன்னதை விட பெரியவங்களுக்குச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. வருகைப் பதிவேட்டுல சாதி விவரம் இருக்கக் கூடாது, ஸ்காலர்ஷிப் விஷயத்தை வகுப்புல எல்லார் முன்னாடியும் வாசிக்காம தனியா கூப்பிட்டுச் சொல்லணும், ஒரு பகுதியில எந்தச் சாதி பெரும்பான்மையோ அந்தச் சாதிக்காரங்களை அங்கயே சி.இ.ஓ., டி.இ.ஓ. மாதிரி கல்வி அதிகாரியாவோ எச்.எம்.மாவோ போடக் கூடாது, ஆசிரியர்களுக்கு சாதிப் பாகுபாடு, பாலியல் துன்புறுத்தல், இது சம்பந்தமான சட்டங்கள் பத்தி கட்டாயமா பயிற்சி கொடுக்கணும்.

கயிறை கிளாஸ் முன்னாடி அறுக்காதீங்க, சாயங்காலம் ஊரே திரண்டு வரும். ஒவ்வொருத்தனா கூப்பிட்டுப் பேசுங்க, பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துல எல்லாச் சாதிக்கும் சேர்த்து ஒரே நாள்ல விதியா சொல்லுங்க. யாரோட உக்காந்து யார் சாப்பிடுறாங்க, கபடி டீம்ல யாரை யார் சேர்க்குறாங்க, பட்டப் பேரு என்னன்னு நோட் பண்ணுங்க, கயிறு இல்லாத கையிலயும் சாதி இருக்கும். ஸ்டாஃப் ரூமைப் பத்திக் கேட்டீங்க. எதிர்ப் பக்கத்து டேபிள்ல இந்த விஷயத்துல நியாயமா யோசிக்குற ஒருத்தராவது இருப்பாங்க, அவங்களைத் தனியா பாருங்க. பையன்கிட்ட பேசப் போகும்போது நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து போனா அதுவே பசங்களுக்குப் பெரிய சேதி.

கேள்வி: டீச்சர், ஏழாவது படிக்குற என் பொண்ணுகிட்ட ஸ்கூல்ல ஒரு ஆள் தப்பா நடந்துக்கிட்டதா அழுவுறா. கிளாஸ் டீச்சர்கிட்ட சொன்னேன், வெளிய சொல்லாதீங்க, நாங்க உள்ளயே விசாரிச்சு அந்தாளை மாத்திடுறோம், உங்க பொண்ணு பேரும் கெடாம இருக்கும்னு சொல்றாங்க. என்ன பண்றதுன்னே தெரியல.

பதில்: அம்மா, இதழ் உங்க கைக்கு வர வரைக்கும் காத்திருக்க வேணாம்னு உங்க நம்பருக்கு அன்னிக்கே பேசிட்டோம். மத்தவங்களும் தெரிஞ்சுக்கட்டும்னுதான் இங்க போடுறேன்.

போலீசுக்குச் சொல்லாம உள்ளயே விசாரிச்சு முடிக்குறது சட்டப்படி குற்றம். பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்குற 2012 போக்சோ சட்டம் 19-வது பிரிவுப்படி இப்படி ஒண்ணு நடந்திருக்குன்னு தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகணும், சொல்லாம மறைச்சா 21-வது பிரிவுல 6 மாசம் வரைக்கும் சிறை, நிறுவனத்துக்குப் பொறுப்பா இருக்குறவங்கன்னா 1 வருஷம் வரைக்கும். உண்மையா பொய்யான்னு கண்டுபிடிக்குறது ஆசிரியர் வேலையே இல்ல. பொண்ணு பேரு, ஸ்கூல் பேரு எதையும் பத்திரிகை, டி.வி.யில வெளியிடக் கூடாது. வாக்குமூலம் வாங்க ஸ்டேஷனுக்கு அலைய விட மாட்டாங்க, வீட்டுக்கே வரணும், முடிஞ்ச வரைக்கும் பெண் எஸ்.ஐ., யூனிஃபார்ம் இல்லாம. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், பள்ளிக் கல்வித் துறையோட உதவி எண் 14417-உம் இருக்கு. பொண்ணுகிட்ட திரும்பத் திரும்பக் கேக்காதீங்க. "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல"ன்னு மட்டும் சொல்லுங்க.

வேற இடத்துக்கு மாத்துறோம்னு சொல்ற ஒவ்வொரு பள்ளிக்கும் கேக்குறேன், மாத்தி அனுப்புற இடத்துலயும் பிள்ளைங்கதானே இருக்காங்க?

கேள்வி: நான் ஆசிரியர் பயிற்சியில கருத்தாளரா இருக்கேன். எங்க மாவட்டத்துல பள்ளி வன்முறை தடுப்புன்னு ரெண்டு நாள் பயிற்சி வடிவமைக்கச் சொல்லியிருக்காங்க. வழக்கமான மாட்யூல் மாதிரி இல்லாம உருப்படியா செய்யணும்னு ஆசை. எதை வைக்குறது, எதை விடுறது?

பதில்: கேட்டதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும். இதுல எனக்கு நிறைய சொல்ல இருக்கு, ஏன்னா நானும் கருத்தாளரா நின்னவதான்.

முதல்ல பீகார்ல நடந்த ஒரு ஆய்வைச் சொல்றேன். நாளந்தா மாவட்டத்துல 74 அரசுப் பள்ளி, சேஹர்னு ஒரு திட்டம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களை வெச்சு ஒரு வருஷ முடிவைப் பார்த்தாங்க, 2018-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. பேச்சுப் பெட்டி, சுவர்ப் பத்திரிகை, பிரேயர்ல சின்னச் சின்ன நிகழ்ச்சி, தனியா ஆலோசனை, இதையெல்லாம் சில பள்ளியில அங்க இருக்குற ஒரு ஆசிரியருக்கே பயிற்சி கொடுத்து செய்யச் சொன்னாங்க, சில பள்ளியில இதுக்குன்னே ஒரு ஆளைப் போட்டாங்க. பெரிய மனநல டாக்டர் எல்லாம் கிடையாது, பயிற்சி கொடுத்த சாதாரண ஆளுங்க. தனி ஆள் இருந்த பள்ளியில அடிதடி, சீண்டல் எல்லாம் நல்லாக் குறைஞ்சுது, பிள்ளைங்க மனச்சோர்வும் குறைஞ்சுது. ஆசிரியர் தலையில கட்டின பள்ளியில ஒண்ணும் மாறல.

இதைப் படிச்சுட்டு ஆசிரியருக்குப் பயிற்சியே வீண்னு சொல்ல வரல. ஏற்கனவே அஞ்சு வகுப்பு, பரீட்சைப் பேப்பர், எமிஸ்னு மூச்சு விட நேரம் இல்லாத ஆசிரியர்கிட்ட ரெண்டு நாள் பயிற்சியைக் கொடுத்து "இனிமே நீயே கவுன்சிலர்"னு அனுப்பினா எதுவும் நடக்காது. ஆசிரியருக்குன்னு இருக்குற வேலை மூணுதான், கண்டுபிடிக்குறது, அந்த நிமிஷத்தைச் சமாளிக்குறது, சரியான ஆள்கிட்ட சேர்க்குறது. அதுக்கப்புறம் பிள்ளையோட உக்காந்து மாசக்கணக்குல பேச ஒரு ஆள் பள்ளியில வேணும். சந்துரு குழுவும் 500 பிள்ளைங்களுக்கு மேல இருக்குற பள்ளிக்கு ஒரு பள்ளி நல அலுவலர் வேணும்னு கேட்டிருக்கு. உங்க பயிற்சி அறிக்கையோட முதல் பரிந்துரையா அதையே எழுதி மேல அனுப்புங்க.

இப்ப ரெண்டு நாள். முதல் நாள் ஸ்லைடே வேணாம். பெஞ்சை நகர்த்திப் போட்டு நடிச்சுப் பாக்கணும். ரெண்டு ஆசிரியர் சண்டை போடுற பசங்க, ஒருத்தர் வகுப்பாசிரியர், மத்தவங்க வேடிக்கை பாக்குறவங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுறது, கூட்டத்தைக் கலைக்குறது, பின்வாங்க வழி விடுறது, இதெல்லாம் வாயால நாலு தடவை சொல்லிப் பழகினாதான் நெருக்கடியில நாக்குல வரும். நீச்சல் மாதிரிதான், கரையில உக்கார வெச்சு சொல்லிக் கொடுக்க முடியாது. கூச்சப்படுவாங்க, சிரிப்பாங்க, விடுங்க, மூணாவது தடவை சிரிப்பு நின்னுடும். மதியத்துக்கு மேல பிள்ளை வந்து புகார் சொல்ற காட்சி, கோபமா வர பெற்றோர் காட்சி.

ரெண்டாம் நாள் வேடிக்கை பாக்குறவங்களைப் பத்தி இருக்கட்டும். பின்லாந்துல துர்க்கு பல்கலைக்கழகத்துல உருவாக்கின கிவா திட்டம் இதுலதான் கையை வெச்சுது. ஒருத்தனை அஞ்சு பேர் சீண்டுறாங்கன்னா சுத்தி நிக்குற முப்பது பேர்ல சிரிக்குறவன், ஏத்தி விடுறவன், கண்டுக்காம போறவன், பாவம்னு நினைக்குறவன்னு பல பேர் இருக்காங்க, அவங்க மாறினா அந்த அஞ்சு பேருக்கு மேடையே கிடையாது. அங்க பள்ளிக்குக் குறைஞ்சது மூணு பேர் கொண்ட ஒரு குழு, பிரச்சனை வந்தா அவங்கதான் பேசுவாங்க, வகுப்பாசிரியர் அந்தக் கிளாஸ்ல செல்வாக்கா இருக்குற ரெண்டு மூணு பிள்ளைங்களைத் தனியா கூப்பிட்டு "அவனோட கொஞ்சம் சேர்ந்து இருங்கப்பா"ன்னு கேட்டுக்குவாங்க. செலவே இல்லாத வேலை, நம்ம ஊர்லயும் தாராளமா செய்யலாம்.

மீதி நேரத்துல ஆசிரியரோட பாதுகாப்பைப் பேசுங்க. 2012 பிப்ரவரியில சென்னையில ஒன்பதாவது படிச்ச பையன் ஆசிரியையை வகுப்பறையிலயே குத்திக் கொன்னப்போ நாடே அதிர்ந்துச்சு, அதுக்கப்புறமும் மிரட்டல் வந்தா ஒரு ஆசிரியர் யார்கிட்ட, எப்படி எழுதிக் கொடுக்கணும்னு இன்னிக்கு வரைக்கும் பல பேருக்குத் தெரியல. ஒவ்வொரு பள்ளியும் தன்னோட ஒரு பக்கத் திட்டத்தை அங்கயே எழுதிட்டுப் போகட்டும். யாரு போன் பண்றது, எந்த ரூம்ல பிரிச்சு வைக்குறது, முதலுதவிப் பெட்டி எங்க, நாலு மணிக்கு கேட்டுல யாரு.

கூப்பிடுற லிஸ்ட்ல பி.டி. ஆசிரியர், வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர், சத்துணவு அம்மா எல்லாரையும் சேருங்க. பாத்ரூம் பின்னாடி என்ன நடக்குதுன்னு நமக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியும். ரெண்டு நாளோட விட்டுடாம, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாம் கூடுற குறுவள மையக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஒரு மணி நேரம் இதுக்குன்னு வாங்கி, அந்த மாசம் நடந்த ஒரு சம்பவத்தை பேரு சொல்லாம எடுத்துப் பேசுங்க. யாரு தப்புன்னு பேசக் கூடாது, அடுத்த தடவை என்ன செய்யலாம்னு மட்டும் பேசணும்.

கேள்வி: பதினொன்னாவது பையன் ஒருத்தன் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் என்னைக் கேக்கக் கூடாத வார்த்தையில பேசிட்டு "வெளிய வா பாத்துக்குறேன்"ன்னான். சக ஆசிரியைங்க கண்டுக்காதீங்கன்னு சொல்றாங்க. அந்தக் கிளாஸ் வாசல்ல கால் வெச்சாலே எனக்கு நெஞ்சு படபடக்குது. லீவு போட்டுட்டே இருக்கேன். நான் இந்த வேலைக்கு லாயக்கு இல்லையோன்னு தோணுது.

பதில்: உங்களை இப்படி ஒருத்தன் பேசியிருக்கான், மிரட்டியிருக்கான், உங்களுக்குப் படபடக்குதுன்னா அதுல அதிசயம் எதுவும் இல்லம்மா. லாயக்குப் பேச்சே வேணாம்.

கண்டுக்காதீங்கன்னு சொல்றவங்க நல்ல மனசுலதான் சொல்றாங்க, ஆனா அதைக் கேக்காதீங்க. நடந்ததை அப்படியே, அந்த வார்த்தைகளோடவே எழுதி எச்.எம்.கிட்ட கொடுத்து ஒரு நகல்ல கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க. அவன்கிட்டயும் அவன் வீட்டுலயும் பேச வேண்டியது எச்.எம்.மும் இன்னொரு ஆசிரியரும், நீங்க தனியா போகக் கூடாது. அவன் வீட்டுல என்ன நடக்குதுன்னும் யாராவது விசாரிக்கணும், அது நிச்சயம் தேவை, ஆனா அதை இப்ப நீங்க சுமக்க வேணாம். ஸ்கூல் விட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் கொஞ்ச நாளைக்கு யாரையாவது துணைக்குக் கூட்டிட்டுப் போங்க.

தூக்கம் வரலைன்னா, சாப்பாடு எறங்கலைன்னா ஜி.எச்.ல மனநலப் பிரிவு இருக்கு, போய்ப் பாருங்க, காய்ச்சலுக்குப் போற மாதிரிதான் அதுவும்.

லீவை நீட்டாதீங்க, நாள் ஆக ஆக அந்த வாசல் இன்னும் பெருசாத் தெரியும். முதல் நாள் அந்த கிளாசுக்குப் போகும்போது உங்களுக்குப் பிடிச்ச சக ஆசிரியை ஒருத்தங்க பின் பெஞ்சுல வந்து உக்காரட்டும், எச்.எம்.கிட்ட சொல்லி அந்த ஒரு பீரியடை அவங்களுக்கு ஃப்ரீ ஆக்கித் தரச் சொல்லுங்க. நடந்ததைப் பத்திப் பேசாம நேரா பாடத்தை எடுங்க. பீரியட் முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேர்ந்தே வெளிய வாங்க. அடுத்த வாரம் எப்படி இருக்குன்னு எனக்கு எழுதுங்க.